சகல வளிகளுக்கும்

கேத்தி பாலாடாவில் பதினொரு மணிக்கும்
பனி விலகாத ஒரு கார்த்திகைக் காலையில்
ஜீப் வந்து நின்றது,
என் ஜெராக்ஸ் கடைக்கும்
தங்கப்பிரகாசத்தின் தைலக் கடைக்கும் நடுவில்.
சரியாக நடுவில்.

இறங்கியவர் மருந்து ஆய்வாளர், பெயர் உமையாள்.
சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர்,
மூக்கு நுனி கேரட் நிறம்.
"சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும்."
பால் பொங்குகிறதென்று டீக்கடை போஜன் உள்ளே போய்விட்டான்.
லோடுமேன் ஒருவர் மாட்டினார்.
அப்புறம் நான்.

உள்ளே அடுப்பில்லை, வாலை இல்லை,
யூகலிப்டஸ் இலை பேருக்குக்கூட ஒன்றில்லை.
நீல டிரம்மில் வெள்ளை எண்ணெய்,
ஒரு புனல், குளிக்கிற மக்கு.
அசல் தைலம் ஒரு சின்ன கேனில்,
ஓட்டல் சட்னியில் தேங்காய் மாதிரி.

அட்டைப்பெட்டி நிறைய லேபிள்கள்.
என் லேபிள்கள்தான்.
பச்சை பார்டர், மலை, மலைக்குப் பின்னால் சூரியன்
(மலை ஒரு தீப்பெட்டியிலிருந்து ஸ்கேன் செய்தது).
ஒன்றுக்கு முப்பது பைசா, பன்னிரண்டாயிரம்.
பாதிப் பணம் இன்னும் வரவில்லை.

புட்டியை வெளிச்சத்தில் பிடித்து
நாங்கள் கேட்க வாசித்தார் உமையாள்:
"மூட்டு வளி, முதுகு வளி, தலை வளி,
சகல வளிகளுக்கும்..."
நிறுத்தினார்.
"வளின்னா காத்து இல்லையா?"

தங்கப்பிரகாசம் அசரவில்லை.
"சித்த வைத்தியத்துல வளின்னா வாதம் மேடம்.
வளி, அழல், ஐயம். தெரிஞ்சேதான் போட்டது."
எனக்கே அது அப்போதுதான் தெரியும்.
ராத்திரி தூக்கக் கலக்கத்தில் அடித்தது.
ஷிப்டில் விரல் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

சிரித்தார். சிரித்துக்கொண்டே
மகஜரில் எழுதினார் உள்ளது உள்ளபடி,
என் பிழையை அரசாங்க மையில்.

"உரிமம் எண் நாப்பத்திமூணு, கோடு,
இருபத்தேழு பதினாறு."

அந்த ராத்திரி அவன் சொன்னது:
"நம்பர் ஏதாவது போடுப்பா,
வெறுமனே விட்டா நல்லா இருக்காது."
கண்ணில் பட்டதைப் போட்டேன்.

கண்ணில் பட்டது இப்போதும் வாசலில்தான் நின்றது,
ஜீப்பின் முன்சக்கரத்தை ஒட்டி.
என் மொபெட்.
நாற்பத்துமூன்று நீலகிரிக்கு.
மீதி எனக்கு.

போன மாதம் பெள்ளி வந்தார்,
விடிய விடியக் கேரட் கழுவிய ஈரக் காலோடு,
ஆதார் நகல் எடுக்க.
"பக்கத்துக் கடைத் தைலம் கேக்குமா?"
"லைசென்ஸ் நம்பரே போட்டிருக்கே" என்றேன்.
இரண்டு புட்டி வாங்கிக்கொண்டு போனார்.

குளிரில் அரக்கு உருகவில்லை.
தீக்குச்சி நமத்திருந்தது.
போஜனின் அடுப்பில் காட்டிக் கொண்டுவந்து
நாலு புட்டிக்கும் முத்திரை வைத்தார்கள்.
லோடுமேன் கைநாட்டு.
நான் கையெழுத்து, தகப்பன் பெயர், முகவரி.
தொழில் என்ற இடத்தில்
'சொந்தத் தொழில்' என்று எழுதினேன்.

"மூணு காப்பி" என்று என் கடைக்கே வந்தார்.
தீப்பெட்டியைக் கவிழ்த்த அதே கண்ணாடியில்
மகஜரைக் கவிழ்த்தேன்.
வெளிச்சம் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்த் திரும்பியது.
ஒன்பது ரூபாய். சில்லறையாகக் கொடுத்தார்.
ரசீது கேட்டார்.

ஜீப் கதவு திறக்க இடமில்லாமல்
மொபெட்டை அவரே பின்னால் பிடித்து நகர்த்தினார்.
ஒரு நிமிஷம் அப்படியே நின்றார்.
நம்பர் பிளேட்டில் பனி இருந்தது.
அதைத் துடைத்தாரா, கையை உதறினாரா,
கவுண்டருக்குப் பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை.

"கோர்ட்டிலிருந்து தாள் வரும்" என்றார்.
சாட்சியாகவா என்று நான் கேட்கவில்லை.

மத்தியானம் சாப்பிடாமல்
அந்த ஃபைலைத் திறந்துவைத்து
ளகரங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருந்தேன்,
யாரும் இனி அச்சடிக்கப் போவதில்லை என்று தெரிந்தும்.
மூட்டு வலி. முதுகு வலி. தலை வலி.
நம்பருக்கு வந்ததும்
கை அப்படியே நின்றுவிட்டது.